பத்மினிக்குள் ஜிப்ஸி இன்ஜின்: பெட்ரோல் லைன் எப்படித் தாக்குப்பிடிக்கிறது

கோயம்புத்தூரில் கட்டிய வண்டி. பிரீமியர் பத்மினி பாடி, உள்ளே மாருதி ஜிப்ஸியின் 1,298 சிசி எம்பிஎஃப்ஐ இன்ஜின், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிப்பது. பார்க்கிறவர்கள் இன்ஜினைப் பற்றியும் கியர்பாக்ஸைப் பற்றியும் கேட்பார்கள். பெட்ரோல் லைனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வண்டியில் நான் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான். சில வருடம் ஓட்டிய பிறகு எது நிற்கிறது, எதை மாற்ற வேண்டி வந்தது என்று எழுதுகிறேன்.

பத்மினியின் பழைய மெக்கானிக்கல் பம்ப் கார்புரேட்டருக்குக் கொடுத்தது 0.2, 0.3 பார் அழுத்தம். இன்ஜெக்‌ஷனுக்குச் சுமார் 3 பார் வேண்டும். கார்புரேட்டர் லைனில் கசிந்தால் சொட்டும். இங்கே கசிந்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல் ஸ்ப்ரே அடிக்கும். அதனால் பழைய டியூபில் ஒரு ஜாண்கூட மிச்சம் வைக்காமல் கழற்றி எடுத்துவிட்டேன்.

டேங்கிலிருந்து இன்ஜின் வரை முழு நீளத்துக்கும் ஹோஸ் போட்டுவிடலாம் என்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அசையாத இடத்தில் இரும்பு பைப், அசையும் இடத்தில் மட்டும் ஹோஸ் என்பதே என் கணக்கு. அண்டர்பாடி நெடுக 3/8 இன்ச் ஸ்டீல் பைப், போக ஒன்று, திரும்ப ஒன்று. 80 குதிரைத்திறனுக்கு இது தாராளம்தான். ஆனால் இந்த அளவுக்கு ஏஎன் 6 ஃபிட்டிங் (பைப்பையும் ஹோஸையும் மரையில் இணைக்கும் ஒரு தர அளவு) சுலபமாகக் கிடைக்கும். அந்த 6 என்பதே பதினாறில் ஆறு பங்கு இன்ச், அதாவது 3/8. வளைக்க எளிது என்று செம்புப் பைப்பைச் சிபாரிசு செய்கிற மெக்கானிக்குகள் உண்டு. வண்டியின் அதிர்வில் செம்பு இறுகி, ஃப்ளேர் (இணைப்புக்காக விரித்த பைப் முனை) ஓரத்தில் விரிசல் விடும். வேண்டாம்.

ஃப்ளேர் விஷயத்தில் கவனம் தேவை. பிரேக் பைப் கடைகளில் இருக்கும் டூல் 45 டிகிரியில் அடிக்கும். ஏஎன் ஃபிட்டிங்குக்கு 37 டிகிரி வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கினாலும் நட் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. முதல் நாள் கசியாது, குலுங்கிக் குலுங்கிப் பிறகு கசியும். 37 டிகிரி டூல் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் இருக்கிறது. அவர்கள் ஜேஐசி என்று சொல்லும் ஸ்டீல் ஃபிட்டிங்குகளும் அதே கோணம், 6 அளவில் அதே 9/16 இன்ச், இன்ச்சுக்கு 18 மரை. அலுமினியத்தைவிட எடை கூடுதல், விலை குறைவு. அண்டர்பாடியில் எனக்கு அதுவே திருப்தி. ஃப்ளேரில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு இன்ஜெக்டரில் போய் உட்காரும்.

இன்ஜின் பக்கத்தில் முதலில் இருந்தது வெளியே ஸ்டீல் வலை, உள்ளே ரப்பர் உள்ள ஹோஸ். பார்க்க அழகு. இரண்டாவது கோடையில், காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசம். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ ஒற்றிப் பார்த்தேன், ஈரமே இல்லை. ரப்பர் வழியாகவே ஆவி ஊறி வெளியே வருகிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண ரப்பருக்கு அது இன்னும் கடுமை. அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு பிடிஎஃப்இ (டெஃப்லான்) உட்குழாய் உள்ள ஹோஸ் போட்டேன், அதோடு வாசம் நின்றது. இன்றுவரை திரும்பவில்லை.

பிடிஎஃப்இ வாங்கும்போது உட்குழாய் கருப்பாக இருப்பதையே கேளுங்கள். அந்தக் கருப்பு கார்பன். வெறும் வெள்ளைக் குழாயில் பெட்ரோல் ஓட ஓட நிலைமின்சாரம் சேர்ந்து, பொறியாகிச் சுவரையே துளைத்துவிடும். வெட்டுகிற இடத்தில் டேப் இறுக்கிச் சுற்றி, கட்டிங் வீலில் வெட்டி, நட்டை முதலில் மாட்டிவிட்டு, வலையை லேசாக விரித்து, வலைக்கும் குழாய்க்கும் நடுவே பித்தளை ஆலிவை (கசிவை அடைக்கும் சிறு வளையம்) தள்ள வேண்டும். வலையின் ஒரே ஒரு கம்பி ஆலிவுக்குள் மாட்டினாலும் கசியும், அதனால் நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். கழற்றினால் ஆலிவ் புதிதாகத்தான் போட வேண்டும். ரப்பர் ஹோஸுக்கான ஃபிட்டிங் இதற்குப் பொருந்தாது. ரொம்ப மடக்கினால் குழாய் நெரிந்துவிடும். நெரிந்த துண்டு மறுபடி உதவாது.

அப்புறம் அந்த ஸ்டீல் வலை, உரசுகிற எதையும் ரம்பம் போல அறுக்கும். வயரிங் பக்கத்தில் நைலான் உறை போட்ட ஹோஸையே வைத்திருக்கிறேன். பைப்பைப் பாடியோடு பிடித்து நிறுத்த ஓர் அடிக்கு ஒரு ரப்பர் வைத்த பி கிளிப், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடும் டனலுக்கு வெளியே. சர்வீஸின்போது கிளிப் ரப்பரையும் ஃபிட்டிங் நட்டையும் பார்ப்பேன். 10 மைக்ரான் ஃபில்டரை மாற்றும்போது, அதிலுள்ள பெட்ரோலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். கருப்புத் துகள் வந்தால் எங்கோ ரப்பர் கரைகிறது என்று அர்த்தம். இதுவரை வரவில்லை.

கார்புரேட்டரோடு ஓடுகிற பத்மினிக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. எத்தனால் தாங்கும் நல்ல ரப்பர் ஹோஸும், ஓரம் மடித்த கிளாம்ப்பும் போதும். திருகு கிளாம்ப்பின் பல் ரப்பரை வெட்டும். பம்ப்பை டேங்குக்குள்ளேயே வைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்ளே போடும் துண்டு எஸ்ஏஇ ஆர்10 வகையாக இருக்க வேண்டும். வெளியில் போடும் ஆர்9 ஹோஸின் உட்புறம் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் பெட்ரோலில் ஊறிக் கிடக்கத் தாங்காது. ஆர்10 விலை அதிகம்தான், ஆனால் தேவைப்படுவது சில அங்குலம் மட்டுமே.