1:35 அளவில் நேரோ கேஜ் (குறுகிய பாதை) மாடல் ரயில்: சில வருடம் ஓட்டிய பிறகு

1:35, அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு, என்றால் ராணுவ டாங்கி மாடல் செய்பவர்களின் அளவு, மாடல் ரயில்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. எஞ்சினோ வேகனோ வேண்டுமென்றால் பெரும்பாலும் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிக் கட்டிய ஒரு குட்டி டீசல் எஞ்சினையும் அதன் பின்னால் ஓடும் டிப்பர் வேகன்களையும் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டி முடித்த கையோடு எழுதுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதனால் காலம் போகப் போக எது தாக்குப்பிடிக்கிறது, எது கழுத்தறுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. எச்.ஓ. (1:87, பரவலாகக் கிடைக்கும் மாடல் ரயில் அளவு) தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ., அதை 35-ஆல் பெருக்கினால் 577.5 வருகிறது. செங்கல் சூளையிலும் சுரங்கத்திலும் ஓடிய 600 மி.மீ. பாதைக்குத் துல்லியமாக வேண்டியது 17.14. இந்த அரை மில்லிமீட்டர் சொச்சத்துக்காக பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), சக்கரம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய என்னிடம் பொறுமை இல்லை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. கையால் செய்ய முடியாதது எது என்று பார்த்து, அது எந்த அளவில் கிடைக்கிறதோ அந்த அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. சக்கரமும் மோட்டாரும் வாங்கினேன், மீதியெல்லாம் கைவேலை. 10.5 மி.மீ. விட்டமுள்ள எச்.ஓ. வேகன் சக்கரம் இந்த அளவில் சுமார் 37 செ.மீ. ஆகிறது, டிப்பருக்கு அது போதும்.

தண்டவாளத்தில் கோட் 75 எடுத்தேன், இந்த எண் உயரத்தைக் குறிப்பது. உயரம் 1.9 மி.மீ., நிஜத்தில் 67 மி.மீ. மாதிரி வரும், இலகுரகப் பாதைகளின் தண்டவாளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் ரெடிமேட் டிராக்கின் ஸ்லீப்பர்கள் (குறுக்குக் கட்டைகள்) ஒல்லியாக, நெருக்கமாக இருப்பதால் பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் செப்புப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டைப் பட்டை பட்டையாக வெட்டி, 17 மி.மீ.க்கு ஒன்றாக வைத்து, அதன் மேலேயே தண்டவாளத்தை சால்டர் செய்துவிட்டேன். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் செப்பை அரத்தால் கீறிப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் ஓடும் இரண்டு தண்டவாளமும் செப்பு வழியே சேர்ந்து ஷார்ட். அலுப்பான வேலைதான், ஆனால் இன்றுவரை ஒரு ஜாயிண்ட்கூட விட்டுப்போகவில்லை.

மோட்டார் என்20 என்ற குட்டி வகை, கியர்பாக்ஸோடு நிமிடத்துக்கு 200 சுற்று. 11 மி.மீ. சக்கரத்தோடு கணக்குப் போட்டால் முழு வேகத்திலேயே நிஜத்தின் மணிக்கு 14 கி.மீ. மாதிரிதான் வரும். இந்த மாதிரி எஞ்சின் ஊர்ந்து போனால்தான் அழகு. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம், டீசல்தானே என்று விட்டுவிட்டேன்.

பெரிய தலைவலி கரண்ட் எடுப்பது. நாலே சக்கரம், அதில் ஒன்று அந்தரத்தில் நின்றாலும் எஞ்சின் திக்கும். ஒரு அச்சை இறுக்கி வைத்து, மற்றதை நடுவில் ஒரு ஊசியின் மேல் இப்படியும் அப்படியும் ஆடும்படி விட்டால் நாலு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொடும். எந்த எலெக்ட்ரானிக்ஸ் சமாச்சாரத்தையும்விட எனக்குப் பலன் தந்தது இதுதான். அப்புறம் எடை. வண்டி கனமாக இருந்தால் ஓட்டமும் சீராக இருக்கும். ஆனால் ஈயக் குண்டுகளை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் போட்டு அடைக்கவே அடைக்காதீர்கள். அந்தப் பசையோடு சேர்ந்தால் ஈயம் மெல்ல அரித்து உப்பும், வருடங்கள் கழித்து பாடியையே பிளந்துவிடும். எபாக்ஸி பசை போதும், அல்லது ஈயமே வேண்டாம், பித்தளைத் துண்டுகள் வையுங்கள்.

பாடி முழுக்க ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டும்போது பசையின் கரைப்பான் நடுவில் மாட்டிக்கொள்கிறது, ஆறு மாதம் கழித்து சுவர் வளைந்து நிற்கும். உள்தகட்டில் அங்கங்கே ஓட்டை போட்டுவிட்டால் அது ஆவியாகி வெளியேறிவிடும். என் எஞ்சினின் பானெட் அப்படிச் செய்தது, ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இப்போதும் நேராக இருக்கிறது. ரிவெட்டுகளுக்குத் தனிக் கருவி தேவையில்லை, மெல்லிய தகட்டின் பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் குமிழ் வந்துவிடும். கை ஒரே அழுத்தத்துக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்கள் விஷயத்தில் இந்த அளவு லாபமும் தரும், பாடாயும் படுத்தும். எச்.ஓ.வில் இரண்டு செ.மீ. இருக்கும் மனிதன் இங்கே ஐந்து செ.மீ., முகத்தில் மீசைகூட வரையலாம். ஆனால் கிடைப்பதில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். என் டிரைவரும் சிப்பாயாக இருந்தவர்தான். பெல்ட்டையும் பைகளையும் செதுக்கி எடுத்து, எபாக்ஸி மாவில் சட்டைக் காலர் வைத்தேன். கால்களை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டேன், கேபினுக்குள் அது எப்படியும் தெரியாது.