வளர்ந்த பிள்ளையையும் விசாவில் சேர்க்க எந்த நாடு தோது?

குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற நினைக்கிற மதுரைக்காரர்கள் முதலில் வயது, படிப்பு, அனுபவம் பார்த்து விசாவுக்குத் தரும் புள்ளிகளில் அப்பாவுக்கு எத்தனை என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் இருபதைத் தொட்ட பிள்ளை இருந்தால், அதற்கும் முன்னால் அந்தப் பிள்ளையின் பிறந்த தேதியை எடுத்து வையுங்கள்.

வயது வரம்பில் தாராளம் நியூசிலாந்துதான்: 24 வயது வரை சேர்க்கலாம். ஆஸ்திரேலியாவின் திறன் விசாக்களில் 23 நிறைந்திருக்கக் கூடாது, கனடாவில் 22, அமெரிக்காவில் 21. இதை மட்டும் பார்த்து நியூசிலாந்துக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட 21 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மாசாமாசம் அவன் கணக்கில் சம்பளம் விழுகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள். கனடா இதைக் கண்டுகொள்ளாது. 22-க்குக் கீழே, கல்யாணம் ஆகவில்லை, துணையோடு வாழவில்லை, போதும். ஆஸ்திரேலியாவில் 18 தாண்டிய பிள்ளைக்குத் தனியாக 47ஏ படிவம் உண்டு. சாப்பாடு, துணிமணி, தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் கையில்தான் என்று காட்ட வேண்டும். நியூசிலாந்தும் 21 முதல் 24 வரை பணத்துக்குப் பெற்றோரை நம்பியிருக்கிறானா என்று பார்க்கும். அந்தச் சம்பளச் சீட்டு இரண்டு இடத்திலும் இடிக்கும்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு சிக்கல். தை பிறந்ததும் நிச்சயம் பண்ணிவிட்டு, கல்யாணத்தை விசா வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர் வழக்கம். கனடாவுக்கு நிச்சயதார்த்தம் பிரச்சினை இல்லை, தாலிதான் பிரச்சினை. ஆஸ்திரேலிய விதியிலோ, நிச்சயமான பிள்ளையும் குடும்பக் கணக்கில் வராது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் எந்த நாடு என்று முடிவு செய்துவிடுங்கள்.

புள்ளி பார்த்துத் திறனாளர்களை அழைக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிள்ளையின் வயது எந்த நாளில் நிலைக்கிறது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். புரொஃபைல் போட்ட நாள் அல்ல. அழைப்பு வந்தபிறகு முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள். அதன்பிறகு 22 தாண்டினாலும் கவலையில்லை.

“அண்ணே, இப்ப நாங்க ரெண்டு பேரும் போறோம், பையன அப்புறமா கூப்பிட்டுக்கிறோம்” என்பவர்கள் நிறைய. கனடாவில் இது ஆபத்தான யோசனை. கூட வராத பிள்ளையின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். பெயரை விட்டுவிட்டால், பின்னால் குடும்ப ஸ்பான்சரில் அந்தப் பிள்ளையை அழைக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எழுதியிருந்தாலும் ஸ்பான்சர் செய்யும்போது 22 தாண்டியிருந்தால் கதவு சாத்தியதுதான். “அப்புறம்” என்பதற்கு ஓரளவு இடம் தருவது ஆஸ்திரேலியா. பிள்ளைகளுக்கான அதன் 101 விசாவில், படிப்பை விடாமல் முழுநேரம் படிக்கிற பிள்ளையை 25 நிறைவதற்குள் கூப்பிடலாம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வயது வரம்பு தளரும். கனடாவில் பணத்துக்குப் பெற்றோரைச் சார்ந்திருப்பது 22-க்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ராஜாஜி ஆஸ்பத்திரியில் வாங்கிய சான்று இதற்கு உதவும். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் அதே குறைபாடு எதிராகவும் திரும்பலாம். ஆஸ்திரேலிய நிரந்தர விசாக்களில் பொதுவாக ஒருவர் தேறாவிட்டால் குடும்பம் முழுவதற்கும் இல்லை. இங்கே மட்டும் நல்ல வக்கீல் செலவைப் பார்க்காதீர்கள்.

பெற்றோர் வயதும் குறுக்கே வரும். ஆஸ்திரேலியப் புள்ளி விசாவுக்கு 45 ஆகியிருக்கக் கூடாது. 21 வயதுப் பையனின் அப்பா பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்பார். நர்ஸாக இருக்கும் அம்மாவுக்கு 43 என்றால் அவர் பெயரில் போடுங்கள். நியூசிலாந்துத் திறன் பிரிவில் 55 வரை இடமுண்டு.

26 வயதுப் பையனுக்கு இந்த வழிகள் எதிலும் சாதாரணமாக இடமில்லை. ஆனால் கனடாவில் தனியாக விண்ணப்பித்தால் 20 முதல் 29 வரை வயதுக்கு மட்டும் முழுசாக 110 புள்ளி. 47 வயது அப்பாவுக்கு அதே இடத்தில் சைபர். அந்த வீட்டில் முதலில் கிளம்ப வேண்டியவன் பையன்தான்.