பழைய ரிவால்வர் வாங்கும் முன் பேரலில் இருப்பதைப் படியுங்கள்

சுடும் விளையாட்டில் இருக்கும் நம்மாட்கள் சிங்கப்பூரில் கொஞ்சம் பேர்தான், எனக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

விளையாட்டை விட்டு விலகும் மூத்தவர் ஒருவரிடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்றை 1,800 வெள்ளிக்கு வாங்கினேன். தேக்கா காப்பிக்கடையில்தான் பேசி முடித்தோம். "என்ன தோட்டா அண்ணே?" என்றேன். "38 ஸ்பெஷல்தான் தம்பி, பல வருஷமா அதைத்தான் போடுறேன்" என்றார். பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், '38 எஸ் அண்ட் டபிள்யூ' என்று பொறித்திருந்ததே என்று கேட்டதற்கு, "அது கம்பெனி பேரு" என்று சொல்லிவிட்டார்.

அது கம்பெனி பெயர் இல்லை, தோட்டாவின் பெயர். 38 ஸ்பெஷலைவிடக் குட்டையானது, ஆனால் பருமன் அதிகம்: அடிப்பக்கம் அது சுமார் 9.8 மில்லிமீட்டர், ஸ்பெஷல் 9.6. போரில் பிரிட்டனுக்குப் போன இந்த ரிவால்வர்கள் பலவற்றை, பிற்பாடு ஸ்பெஷல் தோட்டா உள்ளே போகட்டும் என்று சிலிண்டர் (தோட்டாக்களைப் போடும் சுழலும் உருளை) துளையை ஆழமாக்கி விற்றிருக்கிறார்கள். ஆழம் சரியாகிவிடும், அகலம் அப்படியேதானே இருக்கும்? சுட்டதும் பித்தளைக் கூடு அந்த இடைவெளிக்கு உப்பிவிடுகிறது.

முதல் நாள் ஆறு சுட்டுவிட்டு எஜெக்டரை (சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் தண்டு) அழுத்தினால் அசையவே இல்லை. உள்ளங்கையால் அடித்ததில் நான்கு வந்தன, இரண்டு அப்படியே நின்றுவிட்டன. கம்பியை விட்டுத் தட்டலாம் என்று போனேன், ரேஞ்ச் ஆபீசர் கையைப் பிடித்துக்கொண்டார். சிக்கியது சுடாத தோட்டாவாக இருந்தால் தட்டும்போதே வெடிக்கலாம். இரண்டின் ப்ரைமரிலும் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) ஊசி அடித்த குழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆர்மரர் (கிளப் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர்) சிலிண்டரைக் கழற்றி முன்பக்கமிருந்து மெதுவாகத் தள்ளி எடுத்தார். ஒரு கூடு கர்ப்பிணி வயிறு மாதிரி அடிப்பக்கம் புடைத்திருந்தது, இன்னொன்று நீளவாக்கில் பிளந்து உள்ளே கரி அப்பியிருந்தது. பிளவு இன்னும் கீழே இறங்கியிருந்தால் சூடான வாயு பின்பக்கமாக என் கைக்கும் முகத்துக்கும் வந்திருக்கும் என்றார்.

என்னை நோகடித்தது அதுகூட இல்லை. எஜெக்டர் தண்டு ஏற்கனவே லேசாக வளைந்திருந்தது, சிலிண்டர் முன்விளிம்பில் பழைய தட்டல் தழும்புகள். விற்ற அண்ணனுக்கும் சிக்கியிருக்கிறது, தெரிந்தேதான் விற்றிருக்கிறார். போன் செய்தால், "பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் தம்பி" என்கிறார், காசு திரும்பி வராதாம்.

வாங்கும் முன் கிளப் ஆர்மரரிடம் சிலிண்டர் துளையை அளக்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. எனக்கு விற்றவரிடம் இதே ரகத்தில் இன்னொன்று விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். யாராவது பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், பிளந்த கூட்டின் படத்தை அனுப்புகிறேன்.