சிங்கப்பூர் – நியூயார்க் நேர் விமானம்: யாருக்குச் சரிப்படும்?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நியூயார்க் நான்ஸ்டாப்பில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சிங்கப்பூரில் இருக்கிறீர்களா, தாராளமாகப் போங்கள். சென்னையிலிருந்து வருகிறீர்களா, வேண்டாம்.

தூரம் சுமார் 15,350 கி.மீ. பறக்கும் நேரம் பதினெட்டரை மணியைத் தாண்டும், காற்றைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது, ஆனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் பின்னாலிருந்து தள்ளுவதால் சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகிறது.

இந்தச் சேவை 2004லேயே நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்கு ஆரம்பித்தது. நான்கு இன்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானம் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013ல் நிறுத்திவிட்டார்கள். மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே உள்ள ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் வந்த பிறகு, 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். இரண்டே இன்ஜின், 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 சீட் மட்டும்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (பிசினஸுக்கும் சாதாரண எகானமிக்கும் நடுவிலுள்ள வகுப்பு). சாதாரண எகானமியே கிடையாது, டிக்கெட் விலையைப் பார்த்து மலைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் கொடுக்கலாம் என்பேன். பிரீமியம் எகானமியில் கால் நீட்ட 38 அங்குல இடைவெளி இருக்கிறது. கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றைச் சீட், பக்கத்தில் ஆள் கிடையாது, சுவரை ஒட்டி ஒரு பெட்டி இருக்கும், கைப்பை, சால்வை, மாத்திரை டப்பா எல்லாம் அதற்குள் போய்விடும், எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டாம். அதைப் பிடிக்க முடிந்தால் விடாதீர்கள். உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு இணையாக வைக்கப்படுவதால் இறங்கும்போது தலை அவ்வளவு கனப்பதில்லை. உதடு மட்டும் எப்படியும் காயும், தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே இருங்கள்.

நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் அங்கே மறுநாள் விடியற்காலையில் இறங்கிவிடலாம். திரும்பும்போதுதான் கணக்கு உதைக்கும்: திங்கள் இரவு நியூயார்க்கில் ஏறினால் புதன் அதிகாலைதான் சிங்கப்பூர், நடுவில் செவ்வாய் முழுக்க ஆகாயத்தில். மறுநாளே ஆபீஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானம் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும். சேமிப்பு நான்கைந்து மணி நேரம்தானே என்று தோன்றும். வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பிப் பாருங்கள், நடுவில் இறங்க வேண்டாம், மறுபடி செக்யூரிட்டி வரிசை வேண்டாம், கேட் தேடி ஓட வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த நிம்மதிக்கே காசு கொடுக்கலாம்.

சென்னைக்காரர்களுக்கு ஏன் வேண்டாம் என்றால், சென்னை – நியூயார்க் நேர்த்தூரமே சுமார் 13,500 கி.மீ.தான். துபாய் வழியாகப் போனால் 14,000ஐ ஒட்டி வரும். சிங்கப்பூர் வழியாக என்றால் முதலில் எதிர்த்திசையில் நான்கு மணி நேரம் பறந்து, மொத்தம் 18,000 கி.மீ.யைத் தாண்டிவிடுவீர்கள். சிங்கப்பூரில் ரெண்டு நாள் தங்கிச் சொந்தக்காரர்களைப் பார்க்கிற வேலை இருந்தால் சரி, இல்லையென்றால் வளைகுடா வழியே போங்கள்.