பீ.வை.டி. டொல்பினும் அட்டோ 3உம்: மட்டக்களப்பு, அம்பாறை ஓட்டத்துக்கு ஒத்து வருமா?

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய்வந்தால் நாளொன்றுக்குச் சுமார் 80 கிலோமீற்றர். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. களுவாஞ்சிக்குடியிலும் காத்தான்குடியிலும் நெரிசல், மற்ற இடங்களில் 50, 60இல்தான் ஓட்டம். மின்சாரக் காருக்கு இதைவிட வாய்ப்பான பாதை நாட்டில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் இந்தப் பாதையில் முன்னும் பின்னும் ஓடுவது டொயோட்டா அக்குவா, ஹொண்டா வெசல், சுசுகி வகன் ஆர் போன்ற ஹைபிரிட்கள்தான். டொல்பின், அட்டோ 3 என்கிற மின்சாரக் கார்களோடு வரும் சீனக் கம்பனி பீ.வை.டி. இங்கே காலூன்றுமா என்பதற்கான பதில் காருக்குள் பாதிதான் இருக்கிறது. மீதி நம் வீட்டு மீற்றர் பெட்டியிலும், ஊர்க் கராஜிலும், இரண்டாம் கை விலையிலும் இருக்கிறது.

முதலில் வண்டி. டொல்பினின் சிறிய பதிப்பில் 44.9 கிலோவாட் மணிப் பற்றரி, 70 கிலோவாட் மோட்டர். அட்டோ 3 இரண்டு பற்றரி அளவுகளில் வருகிறது: 49.92, 60.48 கிலோவாட் மணி. இரண்டுமே இரும்புப் பொஸ்பேற்று வகை லித்தியம், கம்பனி ‘பிளேட்’ என்று பெயர் வைத்திருப்பது. நம்முடைய வெயிலுக்கு இந்த இரசாயனம்தான் பொருத்தம். ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி, 60–70இல் ஓடினால் டொல்பின் 100 கிலோமீற்றருக்கு 14 முதல் 15 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) எடுக்கும். கச்சான் காற்று வீசுகிற ஜூன், ஜூலையில் ஒரு யூனிட் கூடும். அட்டோ 3 பாரமும் உயரமும் கூடியது, 16க்குக் குறைய எதிர்பார்க்க வேண்டாம். விளம்பரத் தாளில் உள்ள 400 சொச்சம் கிலோமீற்றரை மறந்துவிட்டு, டொல்பினுக்கு 290, பெரிய அட்டோவுக்கு 360 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

இந்த வண்டிக்கு முதல் எதிரி டொயோட்டா இல்லை, பழைய நிசான் லீஃப். 2013க்குப் பிறகு ஜப்பானிலிருந்து வந்து குவிந்த லீஃப்களில் பற்றரியைக் குளிரவைக்கத் திரவச் சுற்று எதுவும் கிடையாது. காற்றே கதி. நம் வெப்பத்தில், பற்றரியின் கொள்ளளவைத் திரையில் காட்டும் கோடு 12இல் தொடங்கி, சில வருடங்களில் 9, 8 என்று இறங்கியது. முதல் கோடு விழும்போதே கொள்ளளவில் கிட்டத்தட்ட 15 வீதம் போயிருக்கும். 24 கிலோவாட் மணி வண்டி கடைசியில் 80 கிலோமீற்றருக்கே மூச்சு வாங்கும். ‘கரண்ட் கார் வாங்கினால் கட்டிப் போட வேண்டியதுதான்’ என்கிற பேச்சு அங்கிருந்து வந்தது. பீ.வை.டி. பற்றரியின் வெப்பத்தைக் குளிரூட்டி வாயுவைக் கொண்டே கட்டுப்படுத்துகிறது. ஆகவே லீஃபுக்கு நடந்தது அப்படியே இதற்கும் நடக்கும் என்பது தவறான கணக்கு. ஆனால் வாங்குகிறவர் மனதில் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது, லீசிங் கம்பனிக்காரர் மனதிலும்.

வீட்டுச் சார்ஜிங்தான் இந்த வண்டியின் உயிர். பெரும்பாலான வீடுகளுக்குத் தனி பேஸ், 30 அம்பியர் இணைப்பு. அதில் 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜரை முழு வேகத்தில் போட்டால் அதுவே 30–32 அம்பியர். கூடவே தண்ணீர் மோட்டரும் ஏசியும் ஓடினால் பிரதான சுவிட்ச் விழும். சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வைக்கலாம். அதைவிட, தினம் 80 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குச் சுவர்ச் சார்ஜரே தேவையில்லை. 13 அம்பியர் பிளக்கில் போடுகிற கைச் சார்ஜர் 10 அம்பியர், அதாவது 2.3 கிலோவாட் எடுக்கும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஏழு மணித்தியாலத்தில் 16 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதைக் கழித்தால் பற்றரிக்குள் 14 போகும். அது 95 கிலோமீற்றர் ஓட்டம். அந்த 80 கிலோமீற்றர் போய்வந்தும் மிச்சம்.

அந்த 13 அம்பியர் பிளக்கில்தான் வில்லங்கமும் வரும். ஏற்கெனவே அறையில் இருக்கிற சொக்கெற்றில் குத்திவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. அயர்ன் பொக்ஸ் பத்து நிமிடம் எடுக்கிற மின்னோட்டத்தை இது ஏழு மணித்தியாலம் விடாமல் எடுக்கும். உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் போதும்: பிளக்கின் லைவ் முள் பழுப்பாகும், சொக்கெற்றின் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் மஞ்சளித்துக் குமிழி கட்டும், பிறகு மணம் வரும். மீற்றர் பெட்டியிலிருந்து நேரே 4 சதுர மில்லிமீற்றர் வயர், தனி 16 அம்பியர் பிரேக்கர், நல்ல தரத்து ஒற்றைச் சொக்கெற், இடையில் மூட்டு இல்லை, எக்ஸ்டென்ஷன் கோட் அறவே இல்லை. சுவர்ச் சார்ஜர் என்றால் 6 சதுர மில்லிமீற்றர். முதல் வாரம் சார்ஜ் தொடங்கி ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் நிறுத்துங்கள்.

அடுத்தது எர்த். காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாம் கடல் மணல். கோடையில் மேல் மணல் காய்ந்துபோனால் நாலடிக் கம்பி பெயருக்குத்தான் எர்த். விளக்கும் ஃபேனும் அதைக் கண்டுகொள்ளாது. காரின் சார்ஜர் கண்டுகொள்ளும், சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். மாரியில் ஒழுங்காக ஏறிய வண்டி ஆவணியில் ஏறாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நம் கரையோரத்தில் நிலத்தடி நீர் ஆழமில்லை. ஈரம் தட்டும்வரை கம்பியை நீட்டி இறக்கினாலே பெரும்பாலும் சரியாகும். எலக்ட்ரீசியன் மீற்றர் வைத்து அளந்து காட்டட்டும், வாய்ச்சொல் போதாது. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியராக இருக்க வேண்டும். சார்ஜருக்குள்ளேயே நேரோட்ட (டீ.சீ.) மின் கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பெட்டியில் பாருங்கள். பழைய வகை ட்ரிப் சுவிட்சுக்கு அந்தக் கசிவு தெரியாது.

பில் எப்படி வரும்? மாதம் 25 நாள் ஓட்டினால் சுவரிலிருந்து 330 யூனிட் அளவு. வீட்டுக்கு ஏற்கெனவே 120 போகிறதென்றால் இரண்டும் சேர்ந்து 180ஐத் தாண்டும், தாண்டியதெல்லாம் உச்சக் கட்டத்துக் கட்டணத்தில் விழும். மூன்று பேஸ் இணைப்புள்ள வீடென்றால் நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறலாமா என்று மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். இரவு 10.30க்குப் பிறகான யூனிட் மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை கழுத்தை அறுக்கும் விலை. கூரையில் 5 கிலோவாட் சோலார் உள்ளவர்களுக்கு நாளுக்குச் சுமார் 20 யூனிட் கிடைக்கும். அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஹைபிரிட்டோடு ஒப்பிட நேரான வழி ஒன்று உண்டு. சுவரில் எடுக்கிற ஒரு யூனிட்டுக்கு மின்சாரக் கார் 6 கிலோமீற்றர், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு அக்குவா 20 கிலோமீற்றர். ஆகவே ஒரு யூனிட்டின் விலை ஒரு லீற்றரின் விலையில் பத்தில் மூன்று பங்குக்குக் கீழே இருக்கும்வரை மின்சாரம் இலாபம். லீற்றர் 300 ரூபா என்றால் யூனிட் 90 ரூபா எல்லைக்கோடு. வீட்டு மின்சாரம் அதற்குக் கீழே நிற்கும். வெளியே வேகச் சார்ஜரில் போட்டால் அந்தக் கோட்டைத் தொடும், சில இடங்களில் தாண்டும். வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லாமல், வெளிச் சார்ஜரையே நம்பி வாங்குகிறவருக்கு அக்குவாதான் புத்தி.

கொழும்புப் பயணத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் சுமார் 315 கிலோமீற்றர். டொல்பின் ஒரே மூச்சில் போகாது. 100 வீதத்தில் புறப்பட்டால் குருநாகலில் 25–30 வீதம் மிஞ்சும். அங்கே 50 கிலோவாட்டுக்குக் குறையாத சார்ஜரில் 40 நிமிடம் போட்டால் கொழும்புக்குத் தாராளம். சார்ஜரின் முனை சீ.சீ.எஸ். 2 தானா என்று முன்கூட்டியே பாருங்கள். லீஃப் காலத்து நிலையங்கள் பலவற்றில் இருப்பது சாடெமோ, அது இந்த வண்டியின் வாயில் பொருந்தாது. மாரியில் மன்னம்பிட்டியில் வெள்ளம் ஏறிப் பாதை அடைத்தால் சுற்றித்தான் போகவேண்டும், அந்தக் காலத்தில் பற்றரியில் இன்னும் 20 வீதம் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. மஹியங்கனை வழியாகக் கண்டி ஏறும்போது பற்றரி சரசரவென்று இறங்குவதைக் கண்டு பதற வேண்டாம், இறங்கும்போது ஒரு பங்கு திரும்பி வரும்.

வெள்ளத்துக்குப் பற்றரிப் பெட்டி பயப்படாது, அடைப்பு நன்றாகவே இருக்கிறது. பயம் தரையிலிருந்து உள்ள உயரத்தில். அட்டோ 3 தரையிலிருந்து 175 மில்லிமீற்றர். டொல்பின் அதைவிட நன்றாகவே தாழ்வு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிறவல் ரோட்டிலும் வயல் வரம்புப் பாதையிலும் தினம் போகிறவர் டொல்பினை வாங்கக்கூடாது. அடியில் கல் இடித்துப் பற்றரிப் பெட்டி நசுங்கினால் செலவு சின்னதாக இருக்காது. முழுக் காப்புறுதி எடுக்கும்போது ‘பற்றரியின் அடிப்பகுதிச் சேதம்’ அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, பல பதிப்புகளில் உதிரிச் சில்லு வருவதில்லை, பசையும் காற்றுப் பம்பும்தான். இரவு ஏழு மணிக்கு யானை கடக்கிற மஹா ஓயாப் பாதையில் கிழிந்த டயரைப் பசையால் ஒட்டுவது எப்படியென்று விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

பராமரிப்புக்கு வருவோம். போட்டி உண்மையில் நடக்கிற களம் இதுதான். எண்ணெய் மாற்றம் இல்லை, பெல்ட் இல்லை, பிளக் இல்லை. மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் கடல் காற்றில் அதுவே பிரச்சினை: பாவிக்காத டிஸ்க்கில் துரு பிடிக்கும், கெலிப்பர் ஊசிகள் இறுகும், ஒரு பக்கம் மட்டும் தேயும். ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கவேண்டும். இதை ஊர்க் கராஜில் தாராளமாகச் செய்யலாம். சஸ்பென்ஷன், டயர், பம்பர் வேலையும் அப்படியே. டொல்பினே 1,500 கிலோ. அக்குவாவை விட 400 கிலோ கூட என்பதால் டயரும் புஷ்ஷும் சீக்கிரம் போகும்.

ஏசி வேலையை மட்டும் கண்ட கடையில் கொடுக்க வேண்டாம். மின் கொம்பிரசருக்கு மின்கடத்தாத தனி வகை எண்ணெய். சாதாரண காரின் ஏசி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, வண்டி ‘கசிவு’ என்று எச்சரித்துப் புறப்பட மறுக்கும். அக்குவாவுக்கும் இதே விதிதான். பத்து வருடமாக ஹைபிரிட்டில் கை வைத்துப் பழகிய பாஸ்மார் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள், செம்மஞ்சள் வயரைக் கண்டால் 1,000 வோல்ட் கையுறையைத் தேடத் தெரிந்தவர்கள். டொயோட்டாவின் பலம் அதன் இயந்திரத்தைவிட இவர்களிடம்தான் இருக்கிறது. பீ.வை.டி. இவர்களுக்குப் பயிற்சியும் மென்பொருளும் உதிரிப்பாகமும் கொடுத்தால் நாலு வருடத்தில் சந்தை மாறும். கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு வா என்றால் வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தக் கரையில் விற்காது. ஷோரூம் பக்கத்தில் இருப்பதும் உயர் அழுத்த வேலை செய்யும் பணிமனை பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல. காசு கட்டுமுன் இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள்.

கம்பனியின் பலத்தில் சந்தேகம் இல்லை. 1995இல் பற்றரிக் கம்பனியாக ஷென்செனில் தொடங்கியது, 2003இல் கார்ப் பக்கம் வந்தது, 2022 மார்ச்சில் தனிப் பெற்றோல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. 2024இல் 42 இலட்சத்துக்கு மேல் விற்றது, அதில் 17 இலட்சத்துக்கு மேல் முழு மின்சார வண்டி. டொயோட்டாவே சீனாவில் விற்கும் பீ.இசட். 3க்கு இவர்களின் பற்றரியைத்தான் போடுகிறது. சிக்கல் வேறு இடத்தில். சீனாவில் விலைப் போர் ஓயவில்லை, புது மொடல் மாதத்துக்கொன்று வருகிறது. இன்று வாங்கிய மொடலுக்கு ஐந்து வருடம் கழித்து ஹெட்லைட் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. நம் நாட்டில் வரி மோட்டரின் கிலோவாட்டைப் பார்த்து விழுகிறது. 2020இல் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த கையோடு, அட்டோ 3இன் மோட்டர் 100 கிலோவாட்டா 150ஆ என்று சுங்கம் கேள்வி எழுப்பி வண்டிகளைத் தடுத்து வைத்தது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. இதெல்லாம் இரண்டாம் கை விலையில் எதிரொலிக்கும். குஜராத்தில் தயாராகும் சுசுகி ஈ-விட்டாரா 49, 61 கிலோவாட் மணிப் பற்றரிகளோடு இங்கே வந்து இறங்கினால் அட்டோவுக்கு உண்மையான தலைவலி அதுதான். வகன் ஆர் உதிரிப்பாகம் விற்கிற கடைகளில் சுசுகிப் பெயர் ஏற்கெனவே தொங்குகிறது.

2022இல் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்குக் கொடுத்த அனுமதியில் வந்த மின்சார வண்டிகளும் விற்பனைக்கு வரலாம். மலிவாகத் தோன்றினால் முதலில் சார்ஜ் வாயைத் திறந்து பாருங்கள். சீன உள்நாட்டுப் பதிப்பென்றால் வாய் ஜீ.பீ./ரீ. வகை, திரை சீன மொழியில், உள்ளூர் முகவரின் உத்தரவாதமும் கிடைக்காது. மாற்று முனை போட்டு ஓட்டலாம், வேகச் சார்ஜருக்கு அது சுலபமில்லை.

கரண்ட் வெட்டுக் காலத்தில் இந்த வண்டிக்கு இன்னொரு வேலை உண்டு. காரிலிருந்து சுமார் 3 கிலோவாட் வரை வெளியே எடுக்கலாம், அதற்கான முனை கூடவே வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ், நாலு விளக்கு ஓர் இரவுக்கு 4–5 யூனிட்டுக்குள் அடங்கும். 2022 மார்ச்சு கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியபோதும், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கின் பேரில் பழி விழுந்து நாடே இருண்டபோதும் இது கைகொடுத்திருக்கும். வீட்டு வயரிங்கோடு மட்டும் இணைக்கக்கூடாது, திரும்பி லைனுக்குள் போனால் கம்பத்தில் நிற்கிறவரின் உயிருக்கு ஆபத்து.

வாங்குகிறதென்றால்: வீட்டில் நிறுத்த இடமும் தார் ரோட்டில் தினம் 60–120 கிலோமீற்றர் ஓட்டமும் உள்ளவர்க்குச் சிறிய டொல்பின். கிறவல் ரோடு, பெரிய குடும்பம், மாதம் இருமுறை கொழும்பு என்றால் 60.48 அட்டோ. வாரத்துக்கு ஒருமுறையாவது 100 வீதம் வரை ஏற்றுங்கள், இந்த வகைப் பற்றரியில் இடையில் காட்டுகிற வீதக் கணக்கு மெல்ல விலகும், நிறைந்தால்தான் சரிப்படும். 12 வோல்ட் சின்னப் பற்றரி ஈயமா லித்தியமா என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், அது இறந்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் வண்டி புறப்படாது. முற்பணம் கட்டுமுன் வீட்டு எர்த்தை அளந்துவிடுங்கள், அந்தச் செலவு எப்படியும் வரப்போவதுதான்.