ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை: அன்றாடப் பயணியின் மதிப்புரை

சாலை வரியும் சுங்கமும் செலுத்திப் பெறும் சேவை என்ற முறையில், சென்னையின் தெற்கே தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையிலான ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலையை இங்கே மதிப்பிட முற்படுகிறேன். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதி, மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் வேலைக்குச் செல்வோரின் அன்றாடப் பாதை. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளும் லாரிகளும் இதே பாதையில்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு, மதுரவாயல் பக்கமிருந்து வரும் புறவழிச்சாலை பெருங்களத்தூர் அருகிலும், மீஞ்சூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை வண்டலூரிலும் இதில் வந்து சேர்கின்றன.

குறையை மட்டும் சொல்வது நியாயமாகாது. வண்டலூர் மேம்பாலம் வந்த பிறகு, கேளம்பாக்கம் சாலைச் சந்திப்பில் நேராகச் செல்வோர் சிக்னலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சாலையின் பெரும்பகுதி எட்டு வழியாக அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தால், அதே தூரத்தை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியுமா என்று வியப்பாக இருக்கும்.

ஆனால் காலை எட்டரை மணிக்கு அந்த எட்டு வழியில் ஓடுவதற்கு எத்தனை மிஞ்சுகின்றன என்பதே கேள்வி. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி நிறுத்தங்களில் சற்று நேரம் நின்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். இடது ஓரத்தைக் கடைகளுக்கு வந்தவர்களின் கார்களும் ஷேர் ஆட்டோக்களும் பிடித்துக்கொள்வதால், மாநகரப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி வர இயலாமல் இரண்டாவது தடத்திலேயே நிற்கிறது. ஏற வேண்டியவர்கள் ஆட்டோக்களுக்கு இடையில் புகுந்து ஓடுகிறார்கள். இறங்குபவரின் காலடியை உரசியபடி இருசக்கர வாகனங்கள் இடப்பக்கமாகவே நுழைகின்றன. வலது ஓரத்திலோ யூ-டர்ன் எடுக்கக் காத்திருக்கும் வண்டிகளின் வால் நீள்கிறது. ஆக, ஒரு திசைக்கு நான்கு தடம் போட்டும் பயன்பாட்டில் இருப்பது இரண்டுதான்.

அகலம் போதவில்லை என்பதைவிட, உள்ளூர் வண்டிகளுக்கெனப் பக்கவாட்டில் ஓடும் அணுகு சாலை (சர்வீஸ் ரோடு) தொடர்ச்சியாக இல்லை என்பதே இந்தச் சேவையின் அடிப்படைக் குறை என்பது என் கருத்து. அடுத்த தெருவில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போகிறவரும் திருச்சிக்குப் போகிறவரும் ஒரே தடத்தில் இறங்க வேண்டியிருக்கும்வரை, இன்னும் இரண்டு தடம் கூட்டினாலும் அவை வாகன நிறுத்தமாகவே மாறும். அணுகு சாலை இருக்கும் சில இடங்களிலும் எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்குத்தான் அது பயன்படுகிறது (கேட்டால் யூ-டர்ன் வெகு தொலைவு என்பார்கள்; அதுவும் உண்மைதான்).

2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் தனி மதிப்புரைக்கு உரியது. உள்ளே வசதிகள் தாராளம். எனினும் கோயம்பேட்டிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகளை இங்கே மாற்றிய போது, முனையத்தை ஒட்டி ரயில் நிலையம் இல்லாததால் வந்திறங்கிய கூட்டம் முழுவதும் சாலையின் மேலேயே விழுந்தது. பேருந்தை நகருக்கு வெளியே நிறுத்துவதன் பயன், பயணியை நகருக்குள் கொண்டு சேர்க்கும் ரயில் அதே நாளில் தயாராக இருந்தால்தான் முழுமையாகக் கிடைக்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பரனூர் சுங்கச்சாவடியில் பாஸ்டேக் மூலம் பணம் நொடியில் கழிந்துவிடுகிறது. பண்டிகைக் காலங்களில் வரிசை மட்டும் கழிவதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கார்களில் செல்வோர் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் சுற்றிச் செல்லுமாறு அரசே அறிவுறுத்துகிறது என்றால், பணம் கொடுத்துப் பெறும் இச்சேவையின் தரத்தைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை.

உயர்த்தப்பட்ட சாலை அமைக்கும் யோசனையும் பேசப்படுகிறது. நீண்ட தூரப் பயணிகளுக்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் தூண்களை நடுவதற்கு முன்பாகவே இருபுறமும் அணுகு சாலையை முழுமையாக்கி, பேருந்து நிற்பதற்கு உள்வாங்கிய நிறுத்தங்களையும், முதியவர் ஏறக்கூடிய மின்தூக்கியுடன் நடைமேம்பாலங்களையும் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பணி நடக்கும் ஆண்டுகளில் கீழே இருக்கும் பாதையும் பறிபோகும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் காலை ஏழு மணிக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிடுங்கள். வெள்ளி மாலையில் தெற்கு நோக்கியும் ஞாயிறு இரவில் வடக்கு நோக்கியும் காரை எடுக்காதீர்கள். முடியாதவர்களுக்குப் புறநகர் ரயிலையே பரிந்துரைப்பேன். ஆனால் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுவதால், செங்கல்பட்டு வரை செல்லும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவது நல்லது.