கட்டும் அவிழ்ப்பும்: ஆங்கிலச் சொற்களும் அரபுச் சொற்களும்

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையின் இறைச்சிக் கடைகளில் ‘ஹலால்’ என்ற சொல்லை அன்றாடம் பார்க்கும் நம்மில் பலருக்கு, முடிச்சை அவிழ்ப்பதைக் குறிக்கும் அதே அரபு வேரைச் சேர்ந்தது அச்சொல் என்பது தெரியாது. அவிழ்க்கப்பட்டது எதுவோ அதுவே அனுமதிக்கப்பட்டது. சிக்கலுக்குத் தீர்வு காண்பதும் அவ்வேரின்படி ‘ஹல்’தான். கயிற்றை ‘ஹப்ல்’ என்றும் முடிச்சை ‘உக்தா’ என்றும் சொல்லும் அரபு மொழி, அம்முடிச்சின் வேரிலிருந்தே ஒப்பந்தத்திற்கு ‘அக்து’ என்றும் சமயக் கொள்கைக்கு ‘அகீதா’ என்றும் பெயரிட்டது. நம் மலாய் அண்டை வீட்டார் திருமணத்தில் ‘அகாட் நிக்கா’, அதாவது மண ஒப்பந்தம், என்பது இந்த ‘அக்து’தான்; மணவிலக்கைத் ‘தலாக்’, அதாவது விடுவித்தல், என்பது வேறு வேரினது என்றாலும் இதே கருத்தில் வந்ததே.

கயிறும் கட்டும் பற்றிய சொற்களில் ஆங்கிலத்தின் செழிப்பு கப்பல் தளத்தில் இருக்கிறது. கயிற்றைக் கம்பத்தில் கட்டினால் ‘ஹிட்ச்’, இரு கயிறுகளை இணைத்தால் ‘பெண்ட்’, பாயை ஏற்றும் கயிறு ‘ஹால்யார்ட்’, பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு ‘ஷீட்’. கடலில் விட்ட கயிற்றின் முடிச்சுகளை எண்ணி வேகம் அளந்ததால், மணிக்கு 1.852 கிலோமீட்டர் இன்றும் ஒரு ‘நாட்’. தீர்வைக் குறிக்கும் ‘சால்வ்’ என்பதும் அவிழ்த்தலே. ஆனால் அது லத்தீன் கடன் என்பதால் அதனுள் இருக்கும் கயிறு பேசுபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கைத்தொழிலுக்கு ஆங்கிலமே துல்லியமானது. ஆயினும், மூன்று முடிச்சுப் போட்டு மணமுடித்து, புதிரை அவிழ்க்கும் தமிழருக்கு அரபு வேர்களே நெருக்கமாகத் தோன்றுகின்றன.